ஆறாவது துணி

குட்டியானையில் வந்து இறங்கியது எஞ்சின்,
தொண்டியிலிருந்து, தார்ப்பாயும் கயிறுமாக.
இறங்கிய கொஞ்ச நேரத்தில்
தேவகோட்டை ரஸ்தாவின் பூனையெல்லாம்
என் பட்டறை வாசலில்.
போல்ட்டுத் தலைகளில் மீன் செதில் காய்ந்திருந்தது.

"இழுவை இல்லை" என்றார் சூசையருள்.
"ரேஸ் கொடுத்தா விசிலடிக்குது. கரும்புகை வேற.
பதினாலு ராத்திரியோட தடை முடியுது, மேஸ்திரியம்மா."
அன்றைக்குப் பன்னிரண்டு.
தடைக்காலத்தில் எப்படியும் தூக்குகிற எஞ்சின்தான்,
ஆனால் மனுசன் கடைசி வாரம்வரை
அது தானாகச் சரியாகும் என்று இருந்திருக்கிறார்.

விசில் என்றால் காற்று ஓரமாக நழுவுகிறது.
இன்டேக் மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே
ஒரு கேஸ்கட். ஆறு ஓட்டை போட்ட தாள்.
அது ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால்
நூற்றுச் சொச்சம் குதிரையும் நொண்டும்.

போல்ட் பதினான்கு.
பதின்மூன்று, டீசலுக்கும் தட்டலுக்கும் மசிந்தன.
கடைசி ஒன்றை உப்பு கைப்பிடித்துக் கட்டியிருந்தது.
கேஸில் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி,
கால் திருகு, நிறுத்து, பின்னால் ஒரு நூல் தள்ளு.
நான் அப்போது சொன்னது சாமி பேர் இல்லை.
சூசையருள் ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.
பழுப்புத் தூள் கொட்ட, முனகிக்கொண்டே வந்தது.

இப்போது திறந்த வாய் ஆறு.
ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் போதும்,
தின்றுவிட்டுச் செத்துப்போகும்.
நைந்த கண்டாங்கி ஒன்றை ஆறாகக் கிழித்தேன்,
அரக்குக் கட்டம் போட்டது, வாய்க்கு ஒரு துண்டு.
பிறகு சுரண்டல். நானும் ஆத்மநாதனும்
சாம்பார் ஆடை கட்டும்வரை சுரண்டினோம்.

மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க
என்னிடம் ஒரு கண்ணாடி உண்டு.
ஆத்தங்குடியில் கல் வார்க்கும் பெரியகருப்பன்
ஓரம் உடைந்ததென்று கொடுத்தது.
யார் யார் வீட்டுத் தரைக்கோ
அதன்மேல்தான் பூ விழுந்திருக்கிறது.
அதில் எமரித்தாள் விரித்து, மேனிஃபோல்டைக் கவிழ்த்து,
எட்டு எட்டாகத் தேய்த்தேன்.
எல்லாம் மினுங்கியது, மூன்றாம் வாய்ப்பக்கம்
புளியங்கொட்டை அளவு திட்டு தவிர.
விசில் குடியிருந்த இடம்.
அதுவும் மினுங்கும்வரை தோள் கழன்றது.

புதுத்தாளை வைத்து, குண்டுச் சுத்தியலால்
ஓரம் ஓரமாகத் தட்டினால்
இரும்பே கத்தரித்துக்கொடுக்கும் அளவை.
மாட்டினோம். நடுவிலிருந்து வெளியே,
தோசை இழுக்கிற மாதிரி, முதலில் பாதி இறுக்கம்,
பிறகு முழுசு.

கை துடைக்கப் போனேன்.
தட்டில் துணி ஐந்து.

மறுபடி எண்ணினேன். ஆத்மநாதன் எண்ணினான்.
சூசையருள், தன் காசு போகிற மாதிரி, விரல் மடக்கி எண்ணினார்.
ஐந்து.
"பறந்திருக்கும்" என்றான் ஆத்மநாதன்.
இலை அசையாத ஜூன் மாசம்.

பதினான்கையும் கழற்றினேன்.
புதுத்தாள் இரண்டாகக் கிழிந்து வந்தது.
டார்ச், சுண்டுவிரல், வளைத்த கம்பி.
கிராங்கைக் கையால் சுற்றி
ஒவ்வொரு வால்வாகத் திறந்து பார்த்தேன்.
ஒன்றிலும் ஒன்றும் இல்லை. சுத்தம்.
அந்தச் சுத்தம்தான் என்னைப் பயமுறுத்தியது.

மிச்சத் தாளில் சாய்த்து வைத்தால் ஒரு கேஸ்கட் தேறியது.
பதின்மூன்றாம் தேதி இரவு
டேங்கர் தண்ணீரை டிரம்மில் ஊற்றி ஸ்டார்ட் செய்தோம்.
பிறந்தது முதல் உப்பே குடித்த எஞ்சின்
நாங்கள் விலைக்கு வாங்குகிற நல்ல தண்ணீரை
வாரி வாரிக் குடித்துத் துப்பியது.
ரேஸ் ஏற்றி, இணைப்பில் சோப்பு நுரை தடவினேன்.
ஒரு கொப்புளம் இல்லை. விசில் இல்லை.

பதினைந்து விடிவதற்குள் போன்.
அவர் பேசவில்லை, எஞ்சினிடம் போனைப் பிடித்திருக்கிறார்.
ஆறு சிலிண்டரையும் தனித்தனியாகக் கேட்டேன்.
ஏதாவது ஒன்று இருமுகிறதா என்று.
"நல்லா இழுக்குது" என்று கத்தினார்.
"அந்தத் துணி கெடச்சிச்சா?"
தேடவே இல்லை என்றேன்.

பொய். பட்டறையை மூன்று தரம் கூட்டியாகிவிட்டது,
ஆத்மநாதன் சட்டைப்பை உட்பட.
எஞ்சின் நின்ற எண்ணெய்த் தடத்தில்
ஒரு பூனை மட்டும் இன்னும் படுத்திருக்கிறது.
விரட்டினால் எழுந்து, ஒரு சுற்று சுற்றி,
அங்கேயே படுக்கிறது.